ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா

14-6-87, ஞாயிறு

இன்று மாதா கோயில் பூசையில் முழந்தாள் போட்டு எழுந்தேன். நான் எழுந்தேன், வேட்டி எழவில்லை. உள்ளே டவுசர் போட்டிருந்ததால் பாதி மானம் தப்பியது. மீதிப் பாதியைப் பின்வரிசைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். வீடு வரும்வரை என் பெண்டாட்டி மதலேன் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. பத்தடி முன்னால் போனாள், பின்னால் வருகிறவன் யாரோ வழிப்போக்கன் என்பதுபோல.

பெல்ட் போடாததால் வந்த வினை. பெல்ட் இல்லாததற்குக் காரணம், அதை நேற்றே வெட்டியாகிவிட்டது. என்னுடைய அகலப் பச்சை பெல்ட், கல்யாணத்துக்கு வாங்கியது.

லூர்துவுக்காக வெட்டினேன். பிள்ளைக்கு ஐந்து முடிந்துவிட்டது, இந்த மாதம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மார்ச் மாதத்திலிருந்து வலது பக்கம், வயிறும் தொடையும் சேருகிற மடிப்பில் ஒரு புடைப்பு. இருமினால், அழுதால், எலுமிச்சங்காய் அளவுக்கு வருகிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. கம்பவுண்டர் பார்த்துவிட்டுக் குடலிறக்கம் என்றார். மதலேன் அவள் அண்ணனைக் கேட்டாள். பிலவேந்திரன் மச்சான் அரூர் தாலுகா ஆபீசில் கிளார்க். அவர் சொல்லிவிட்டால் சீல் விழுந்த மாதிரி. "பெல்ட்டு கட்டுங்க, அடங்கிடும். வெளிய மூச்சு விடாதீங்க" என்றாராம்.

கட்டியாகிவிட்டது. பச்சை பெல்ட்டில் ஒரு துண்டு, நடுவில் ஓட்டைக் காலணா, அதைச் சுற்றி சைக்கிள் டியூப் வைத்து ஒட்டினேன். பாப்பிரெட்டிப்பட்டியில் இவ்வளவு பஞ்சர் ஒட்டியிருக்கிறேன், என் பிள்ளைக்கு ஒன்று ஒட்டமாட்டேனா?

16-6-87

பெல்ட்டைக் காணோம். லூர்துவும் கூடவே கட்டிலுக்கடியில் எல்லாம் தேடினாள், ரொம்ப அக்கறையாக. கடைசியில் கோழி அதன்மேல் அடைகாத்துக்கொண்டிருந்தது.

21-6-87, ஞாயிறு

மச்சான் வந்திருந்தார். ஆபரேஷன் செய்தால் என்ன என்று வாயைத் திறந்தேன்.

"பொட்டப் புள்ளைக்கு அடிவயித்துல தழும்பா? நாளைக்கு எவன் மாப்ள கட்டுவான்?"

ஐந்து வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிட்டார். கட்டப் போகிறவன் இன்னும் மூக்கு ஒழுக எங்கேயோ மண்ணில் உருண்டுகொண்டிருப்பான். அவனுக்குப் பிடிக்காது என்று என் பிள்ளை வயிற்றில் காலணாவைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா?

இதை எழுதத்தான் முடிகிறது. நேரில் "சரிங்க மச்சான்" என்றுதான் சொன்னேன். கோழிக்கறி அவர் கொண்டுவந்தது.

25-6-87, வியாழன்

ஆஸ்பத்திரி பெஞ்சில், முழங்காலில் நோட்டை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாகத்தான் வரும்.

காலை பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. லூர்து இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள், அழுகை நிற்கவில்லை என்று. தூக்கிக்கொண்டு வந்து பெல்ட்டை அவிழ்த்தால், கடவுளே, அந்தப் புடைப்பு கல் மாதிரி இருக்கிறது. தொட்டால் கத்துகிறாள். படுக்கவைத்தும் உள்ளே போகவில்லை. கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுத் தருமபுரி பஸ் ஏறினோம். வழியெல்லாம் மதலேன் செபமாலை சொன்னாள். நான் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டிரைவரை முறைத்தேன்.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் புதிதாக வந்திருக்கிறார். பெயர் தீர்த்தகிரி. என்னைவிடச் சின்ன வயது. மருந்து கொடுத்து லூர்துவைத் தூங்கவைத்தார். காலை உயரத் தூக்கிவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பிசைந்த மாவை ஒரு சின்ன ஓட்டைக்குள் திருப்பி அனுப்புகிற மாதிரி மெல்ல மெல்ல அமுக்கினார். அரை மணி நேரம். களக் என்று ஒரு சத்தம். போய்விட்டது.

அப்புறம்தான் என் கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தார்.

"இது யார் செஞ்சது?"

"நான்தாங்க."

"வேலை சுத்தமா இருக்குது. குடல் வெளிய வந்தப்புறம் இது மேல கட்டியிருந்தா, திரும்பி உள்ள போக வழியே இருக்காது. அப்படிச் செஞ்சிருக்கீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாராட்டிவிட்டார். படித்தவர் ஒருவர் என் கைவேலையை வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பாராட்டியது இதற்குத்தான்.

"டயர் கிழிஞ்சு டியூப் பிதுங்குற மாதிரிங்களா?" என்று கேட்டேன். தெரிந்த பாஷையில்தானே கேட்க முடியும்.

அவர் சிரிக்கவில்லை. "பெரியவங்களுக்கு அப்படித்தான். அவங்களுக்கு டயரையும் தைக்கணும். குழந்தைங்களுக்கு டயர் நல்லா இருக்குது. பொறக்கறதுக்கு முன்ன மூடிக்க வேண்டிய ஒரு வழி மூடாம பை மாதிரி நின்னு போச்சு. அந்தப் பையை வாய்ல கட்டி எடுத்துட்டா போதும். இந்த மடிப்பு ஓரமாவே கீறினா தழும்பும் மடிப்போட போயிடும். பொண்ணுங்களுக்குச் சில சமயம் சினைப்பையும் இதுல எறங்கி வந்து மாட்டும். அதனால தள்ளிப்போடாதீங்க. வீக்கம் வடியட்டும், சனிக்கிழமை செஞ்சிடலாம்."

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். மதலேன், "அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்கறங்க" என்றாள்.

26-6-87

மச்சான் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். இந்தத் தடவை பெல்ட் பேச்சு இல்லை. "வெட்டணும்னா பெரிய எடத்துல வெட்டணும்" என்கிறார். சேலத்தில் பெரிய டாக்டராம், அவருடைய மேலதிகாரியின் மச்சினிக்குக் குடல்வால் எடுத்தவராம்.

"தீர்த்தகிரின்னா யாரு? தீர்த்தமலைப் பக்கம் மானாவாரி பண்ற குடும்பம். அவன் அப்பனுக்குப் பட்டா மாத்திக் குடுத்ததே நான்தான் மாப்ள."

அப்பன் பட்டாவுக்கு அலைந்தால் மகன் கத்தி பிடிக்கக் கூடாது போலிருக்கிறது.

டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "போய்க் கேட்டுட்டு வாங்க. அந்தப் பெல்ட்டு மட்டும் வேணாம். அடுத்த வாரத்தைத் தாண்டாதீங்க. மறுபடி கல்லு மாதிரி ஆனா எந்த ஆஸ்பத்திரி கிட்டயோ அங்க ஓடுங்க."

27-6-87, சனி. சேலம்

பெரிய டாக்டர் லூர்துவைப் பார்த்த நேரம், ஒரு வால்வு திருகுகிற நேரம். இரண்டு பக்கமும் திறக்க வேண்டும் என்றார். காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். பத்து நாள் படுக்கை, பிறகு தையல் பிரிக்க வேண்டும்.

"இடது பக்கம் ஒண்ணும் இல்லீங்களே சார்?"

"பொண் கொழந்தைன்னா ரெண்டு பக்கமும் பாத்துடறது வழக்கம்."

"திறந்து பாக்காமலே, இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்க வழி இல்லீங்களா?"

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "நீ என்ன தொழில்?"

"சைக்கிள் கடைங்க."

"அப்ப சைக்கிளைப் பாரு."

மச்சான் என் முதுகில் கிள்ளினார். நான் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். அவர் மோசமான டாக்டர் என்று நான் எழுதவில்லை. ஆயிரம் பேரைப் பிழைக்கவைத்திருப்பார். ஆனால் முன் சக்கரம் பஞ்சர் என்று ஒருவன் வண்டியைக் கொண்டுவந்தால், பின் டயரையும் கழற்றுவது வழக்கம் என்று நான் கழற்றினால் விடுவானா? செருப்பால் அடிப்பான்.

சைக்கிளைப் பார்க்கிறவன்தான். அதனால்தான் கேட்டேன்.

28-6-87, ஞாயிறு

மச்சானிடம் முதல் தடவையாக முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷன் தருமபுரியில்தான், ஒரு பக்கம்தான் என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது. இருந்தாலும் வந்தது.

"எஸ்எஸ்எல்சி தாண்டாதவன் டாக்டருக்குப் பாடம் எடுக்கறியா?"

"தாண்டலைங்க மச்சான். ரெண்டு தடவை முட்டிப் பார்த்தேன், நகரலை. ஆனா புள்ளை என்னோடதுங்க."

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். மதலேன் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்க ஆரம்பித்தாள். லூர்து மட்டும், "மாமா எலை போட்டுட்டு ஏன் போயிட்டாங்க? அந்த அப்பளத்தை நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

30-6-87, செவ்வாய்

தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். கேள்விகளைப் பீடிக் கட்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். சேலத்தில் சொன்னதையும் சொன்னேன். இவர் அவரைக் குறை சொல்லவில்லை. "ரெண்டு பக்கமும் தொறக்கறது தப்பில்ல, நெறைய பேர் அப்படித்தான் செய்றாங்க. பொண்ணுங்களுக்கு அடுத்த பக்கமும் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா இல்லாத புள்ளைக்கும் சேர்த்து வெட்டறோம். அது எனக்குப் புடிக்கல" என்றார்.

"இருக்குதா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?"

"வலது பக்கப் பையைத் திறந்ததும் அது வழியா ஒரு மெல்லிசு குழாய் விட்டு வயித்துக்குள்ள கொஞ்சமா காத்து அடிப்பேன். இடது பக்கம் வழி திறந்திருந்தா காத்து அங்க எறங்கும். தோலுக்கு மேல விரல் வெச்சா நெறநெறன்னு தெரியும். இல்லன்னா தெரியாது, மூடிட்டு வந்துடுவேன்."

நான் சிரித்துவிட்டேன். தப்புதான், அடக்க முடியவில்லை. "சார், இதைத்தானுங்களே நான் இருபது வருஷமா பண்ணிட்டிருக்கேன். தண்ணித் தொட்டி மட்டும்தான் உங்ககிட்ட இல்ல."

அவரும் சிரித்தார். ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்தாராம். இதுவரை பதினொரு குழந்தைகளுக்குச் செய்திருக்கிறாராம்.

"அதுல எத்தனை தப்பாச்சுங்க?"

"ஒண்ணு. இருக்குதுன்னு காட்டுச்சு, தொறந்தா இல்ல."

ஒன்றுகூடத் தப்பாகவில்லை என்று சொல்லியிருந்தால் நான் பஸ் ஏறியிருப்பேன். தப்பே விடாத மெக்கானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று சொன்னார். "குடும்பக் கட்டுப்பாட்டு கேம்ப்புல தொப்புள் கிட்ட குழாய் விட்டு, கண்ணால பார்த்துச் செய்றாங்க இல்ல? அந்த மாதிரி குழந்தைங்களுக்கும் ஒரு நாள் வரும். அப்ப காத்தைத் தடவிக் கண்டுபிடிக்க வேணாம், நேராவே பாத்துடலாம். அந்த அளவுக்குச் சின்னக் குழாய் இப்ப நம்மகிட்ட இல்ல."

லூர்துவுக்கு இரண்டு பக்கமும் இருந்துவிட்டால் என்று கேட்டேன். "அங்கயும் ஒரு சின்னக் கீறல். கையெழுத்து வாங்கிட்டுத்தான் செய்வேன்." கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை என்று குறித்தார்.

1-7-87

என் வாயைத் தைக்க எந்த டாக்டரிடம் போவது?

மதலேனிடம் எல்லாவற்றையும் விளக்குகிறேன் பேர்வழி என்று, கேம்ப் குழாயையும் சொல்லித் தொலைத்தேன். அவள் காதில் விழுந்தது மூன்று சொல்: சினைப்பை, குழாய், குடும்பக் கட்டுப்பாடு.

"அஞ்சு வயசுப் புள்ளைக்குக் குடும்பக் கட்டுப்பாடா? அதுவும் கன்னிமார் ஆஸ்பத்திரியிலயா? சாமியார்கிட்ட சொன்னா கோயிலுக்குள்ள விடுவாங்களா நம்மள?"

அது வேறு, இது வேறு, அந்தக் குழாய் அவரிடம் இல்லவே இல்லை என்று தலைகீழாக நின்றேன். "இல்லாததை எதுக்குச் சொன்னாரு?" என்கிறாள். சாயங்காலத்துக்குள் பக்கத்து வீடு வரை போய்விட்டது. கடைக்கு வந்த காளியப்பன், செயினுக்கு எண்ணெய் விடச் சொல்லிவிட்டு, "ஏம்பா, கவுருமெண்டுல இப்ப ஒண்ணாப்பு புள்ளைங்களையும் புடிக்கறாங்களாமே?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை அனுப்பமாட்டேன் என்கிறாள். நாளையோடு ஒரு வாரம். லூர்து முற்றத்தில் குதிக்கும்போதெல்லாம் ஓடிப் போய்த் தூக்கி உட்காரவைக்கிறேன்.

2-7-87, வியாழன்

மத்தியானம் மதலேனைக் கடைக்குக் கூப்பிட்டேன். கோபத்தோடுதான் வந்தாள். பழைய டியூப் ஒன்றை எடுத்து வெட்டி, ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் பம்பை வைத்தேன். "இதுதான் புள்ள வயிறு. இந்தப் பக்கம் ஓட்டை இருக்கறது நமக்குத் தெரியும், இது வழியாத்தான் காத்து அடிக்கறாரு. அந்தப் பக்கம் ஓட்டை இருக்குதா? வெட்டிப் பாக்கறதா, காத்தைக் கேக்கறதா? வேற குழாயும் இல்ல, கேம்ப்பும் இல்ல. இவ்வளவுதான்."

காற்று அடித்துத் தொட்டியில் அமுக்கினேன். குமிழி இல்லை. "பாத்தியா, நல்லா இருக்குது. இதை வெட்டுவியா?" என்று ஜம்பமாகக் கேட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "இங்க வருது பாருங்க."

கட்டுக்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவுக் குமிழி. ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இருபது வருஷ அனுபவசாலிக்குத் தெரியவில்லை.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "மயக்கத்துலேருந்து எழுந்திருச்சுடுவாளா?"

"எழுந்திருச்சுடுவா."

எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் சொன்னேன். "காலைல மொத பஸ்ஸுக்கே போயிடலாம்" என்றாள். அண்ணனைக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை.

3-7-87, வெள்ளி

பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். லூர்து அழவில்லை. "அப்பா, எனக்கு உள்ள காத்தடிப்பாங்களாம், நான் பலூன் மாதிரி ஆயிடுவனா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

நான் வராந்தாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஒரு சிஸ்டர் வந்து, "பெஞ்சு தேயுது, நடந்துட்டாவது இருங்க" என்றார்.

எனக்கும் ஒரு கவலை இருந்தது, அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. லூர்துவைப் பற்றி மட்டும் இல்லை. பஸ் ஸ்டாண்டு முழுக்க, டீக்கடை முழுக்க, ஒரு பக்கம்தான், ஒரே ஒரு கீறல்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மச்சான் காதுக்குப் போகட்டும் என்றே சொன்னேன்.

பதினொன்றரைக்கு டாக்டர் வந்தார். முகமூடியைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்த்து, "ரெண்டு, சின்னப்பன்" என்றார்.

"ரெண்டுங்களா?"

"இடது பக்கமும் திறந்துதான் இருந்துச்சு. காத்து நல்லாவே சொல்லிடுச்சு. ரெண்டையும் கட்டியாச்சு. புள்ள நல்லா இருக்குது, இருமிட்டிருக்குது."

நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மதலேன் எண்ணவில்லை, நேரே உள்ளே போய்விட்டாள்.

அப்போது சேலத்துக்காரர் சொன்னதுதானே சரி? அவரும் ரெண்டு என்றார், இவரும் ரெண்டு என்கிறார். இதற்காகவா இத்தனை சண்டை? பஸ்ஸில் வீட்டுக்குத் துணி எடுக்க வரும்போது இதைத்தான் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் வெறும் விடையை மட்டும் எழுதினால் கணக்கு வாத்தியார் சுழிதான் போடுவார். எனக்கு நிறையப் போட்டிருக்கிறார். வழி எங்கே என்பார். இன்று அந்த வாத்தியார் பக்கம் சேர்ந்துவிட்டேன். வழியைக் காட்டியவருக்குத்தான் மார்க். நாளைக்கே இன்னொரு பிள்ளைக்கு இடது பக்கம் மூடியிருக்கும். அன்றைக்கு அந்தச் சேலத்துப் பேனா என்ன செய்யும்?

இன்னொரு தடவை இதே நிலைமை வந்தாலும் இங்கேதான் வருவேன். மெதுவாகத்தான் எழுதுகிறேன், ஆனால் அழுத்தி எழுதுகிறேன்.

4-7-87

இரண்டு கீறலையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு வால்வு டியூப் துண்டு நீளம், ஒரு அங்குலம்கூட வராது, மடிப்புக்குள்ளேயே. தையல் உள்ளே கரைந்துவிடுமாம், பிரிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குக் குதிக்கக் கூடாது என்று டாக்டர் லூர்துவிடம் நேராகவே சொன்னார். "நொண்டி ஆடலாமா?" என்று கேட்டாள்.

7-7-87

நொண்டி ஆடுகிறாள்.

12-7-87, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் மச்சான் வாசலில் நிற்கிறார். கையில் ஆப்பிள். அப்பளத்தை இலையிலேயே விட்டு எழுந்து போனவர் இரண்டு வாரம் கழித்து வருகிறார். நான் வாங்க என்றேன். லூர்து மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தடவித் தடவிப் பார்த்தார், பிள்ளை முழுசாக இருக்கிறதா என்று எண்ணுகிற மாதிரி. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் பழைய பிலவேந்திரன் ஆகிவிட்டார்.

"என்னா மாப்ள, கடைசில எத்தனை வெட்டு? சேலத்துக்காரரு சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும்தானே?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே பதிலைத் தயார் செய்தேன். காற்று அடித்தது, நெறநெறத்தது, வழி, விடை, கணக்கு வாத்தியார், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். வாயைத் திறப்பதற்குள் மதலேன் குழம்புக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஒண்ணுதாண்ணா. இத்துனூண்டு."

எனக்குப் பிசைந்த கை நின்றுவிட்டது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணனிடம் ஒரு பொய் சொன்னவள் இல்லை. காலைப் பூசையில்தான் சாமியார் கையால் நன்மை வாங்கினாள்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். இவரு சொன்ன மாதிரியே."

லூர்து நிமிர்ந்தாள். "இல்ல மாமா, எனக்கு வந்து—" என்று இரண்டு விரலைத் தூக்கினாள். மதலேன் அவள் வாயில் ஒரு வடையை வைத்தாள். தூக்கிய விரலைப் பார்த்து, "இன்னும் ரெண்டு வடை வேணுமாம்" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். "நெசமாவா மாப்ள?"

மதலேன் என்னைப் பார்க்கவில்லை. என் இலையில் குழம்பு ஊற்றினாள், கேட்காமலே, கறித்துண்டாகப் பார்த்து.

நான் ரசம் கேட்டேன். ரெண்டு என்று சொல்லவில்லை.